ரோந்து என்ற பெயரில் பறந்தவை: மின்னணுப் போரின் வரலாற்றைத் தேடியதில் கற்றவை

1950 ஏப்ரல் 8 அன்று மேற்கு ஜெர்மனியின் வீஸ்பாடனிலிருந்து புறப்பட்ட அமெரிக்கக் கடற்படையின் பிரைவட்டீர் விமானம் ஒன்று, பால்டிக் கடற்பகுதியில், லாத்வியாவின் லியபாயா துறைமுகத்துக்கு அருகே சோவியத் போர் விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த பத்துப் பேரும் திரும்பவில்லை. மொராக்கோவின் போர்ட் லியோத்தே தளத்திலிருந்து இயங்கிய வி.பி.-26 என்ற ரோந்து ஸ்குவாட்ரனை (விமானப் படைப்பிரிவை)ச் சேர்ந்தது அந்த விமானம். நீர்மூழ்கிகளைத் தேடுவதும் கடற்பரப்பைக் கண்காணிப்பதுமே அத்தகைய ஸ்குவாட்ரன்களின் அறிவிக்கப்பட்ட பணி. மொராக்கோவில் இருந்த ஸ்குவாட்ரனின் விமானத்துக்குச் சோவியத் கரையோரத்தில் என்ன வேலை இருந்தது என்ற கேள்விதான் என்னை இந்தத் தேடலுக்குள் இழுத்தது. வயர்லெஸ் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், விமானத்தைவிட அதற்குள் இருந்த ரிசீவர்களின் மீதே எனக்கு ஆர்வம் அதிகம். அந்த ஆர்வம் பிற்பாடு பயன்பட்டது. அதே சமயம், இராணுவ வரலாற்றைப் படிக்கும் முறை தெரியாமல் ரிசீவரை மட்டும் தெரிந்து வைத்திருப்பதால் பெரிதாக எதுவும் விளங்கிவிடாது என்பதும் விரைவில் புரிந்தது.

எதிரியின் ரேடார் எந்த அலைவரிசையில் இயங்குகிறது, ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்புகளை அனுப்புகிறது, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது ஆகிய விவரங்கள் கிடைத்தால், அந்த ரேடாரின் வகையையும் இடத்தையும் கணிக்கலாம். பின்னர் அதைக் குழப்புவதற்கான கருவியையும் செய்யலாம். மின்னணுப் போர் என்றதும் குழப்பும் கருவிகளே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், அதன் பெரும்பகுதி இப்படிப் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்பதுதான். இந்த வேலைக்கு ரோந்து விமானம் மிகவும் பொருத்தமானது. பல மணி நேரம் காற்றில் நிற்கும். கருவிகளையும் ஆட்களையும் ஏற்ற உள்ளே இடம் இருக்கும். சர்வதேசக் கடற்பரப்பின் மேல் பறப்பதற்கு அதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். ஆகவே ரோந்து ஸ்குவாட்ரன்களின் வரலாற்றையும் மின்னணுப் போரின் வரலாற்றையும் தனித்தனியாகப் படிக்க முடியாது. முதலாவதன் ஆவணங்களுக்குள்தான் இரண்டாவது ஒளிந்திருக்கிறது. சொல்லப்படாத பணியைச் சொல்லப்பட்ட சில்லறை விவரங்களிலிருந்து மீட்டெடுப்பதே இந்த ஆராய்ச்சியின் உண்மையான வேலை.

பால்டிக் சம்பவத்தில் எனக்கு முதலில் கிடைத்தவை இராஜதந்திரக் குறிப்புகள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பழைய கடிதப் போக்குவரத்தைத் தொகுதிகளாக வெளியிட்டு, இணையத்திலும் இலவசமாக வைத்திருக்கிறது. 1950 ஏப்ரல் 11 தேதியிட்ட சோவியத் குறிப்பு, ஏப்ரல் 8 மாலை 17 மணி 39 நிமிடத்துக்கு நான்கு இயந்திரங்கள் கொண்ட பி-29 ரகப் "பறக்கும் கோட்டை" ஒன்று லியபாயாவுக்குத் தெற்கே 21 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதாகவும், தரையிறங்கச் சொன்னபோது சுட்டதாகவும் கூறியது. பறக்கும் கோட்டை என்பது பி-17 விமானத்தின் பெயர். பி-29 அதற்குப் பின் வந்த வேறு விமானம். அங்கே பறந்தது இரண்டுமல்ல. ஒரு வாரம் கழித்து வந்த அமெரிக்கப் பதில், அது ஆயுதமில்லாத கடற்படை விமானம், சோவியத் எல்லைக்குள் நுழையவே இல்லை என்றது. விமானம் எதற்காகப் போனது என்பதை அந்தப் பதில் தொடவே இல்லை.

இந்த இரண்டு குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு யார் சொன்னது உண்மை என்று வாதிடுவதில் பயனில்லை என்பது என் கருத்து. இரண்டுமே வெளியாருக்காக எழுதப்பட்டவை. தங்களுக்குள் எழுதிக்கொண்ட காகிதத்தைத் தேட வேண்டும். அது இதே சம்பவத்தின் தொடர்ச்சியாகக் கிடைத்தது. விமானம் வீழ்ந்த பிறகு இத்தகைய பறத்தல்கள் சிறிது காலம் நிறுத்தப்பட்டன. 1950 மே மாதத் தொடக்கத்தில், முப்படைத் தலைமையின் தலைவராக இருந்த ஜெனரல் ஓமர் பிராட்லி, அவற்றை மீண்டும் தொடங்குவது பற்றிப் பாதுகாப்புச் செயலருக்கு ஒரு குறிப்பாணை எழுதினார். அதே மாதத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஒப்புதல் அளித்தார். சோவியத் கரைக்கு இருபது மைலுக்கு உள்ளே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு, மின்னணுத் தேடல் என்ற பணியின் பெயரையே அந்தக் குறிப்பாணை வெளிப்படையாகப் பேசுகிறது. இரகசிய முத்திரை நீக்கப்பட்டுப் பின்னாளில் வெளியான காகிதம் அது. அன்று முதல், ஒரு சம்பவத்தைப் படிக்கும்போது அந்த நாளின் கோப்பைப் பார்த்த கையோடு, அடுத்த இரண்டு மாதங்களின் கோப்புகளையும் கேட்டு வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். விபத்து நடந்த பிறகுதான் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் விளக்கம் எழுதுகிறார்கள். எந்தத் திட்டத்தின்கீழ் யார் உத்தரவில் பறந்தது என்பது அங்கேதான் வெளிப்படுகிறது.

நேரக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோவியத் குறிப்பின் நேரம் மாஸ்கோ நேரம். கிரீன்விச் கணக்கில் அது 14 மணி 39 நிமிடம். எந்த ஆவணத்தையும் கையில் எடுத்தவுடன் அதில் உள்ள நேரம் எந்த ஊர் நேரம் என்று ஓரத்தில் குறித்துவிட்டு, கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். போர்க்கால இந்திய ஆவணங்களைப் படிப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியாவில் கடிகாரங்கள் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி நேரம் முன்னதாக ஓடின, இன்றுபோல் ஐந்தரை மணி அல்ல.

அடுத்தது எண்களின் குழப்பம். வி.பி.-26 என்ற பெயரைத் தேடினால் ஒன்றுக்கும் மேற்பட்ட ஸ்குவாட்ரன்கள் வந்து நிற்கும். பால்டிக் சம்பவத்துக்குரிய ஸ்குவாட்ரன் 1943 ஆகஸ்டில், ரோந்து ஸ்குவாட்ரனைக் குறிக்கும் VP என்ற எழுத்துகள் இல்லாமல், VB என்ற எழுத்துகளோடு, 114 என்ற எண்ணுடைய குண்டுவீச்சு ஸ்குவாட்ரனாகத் தொடங்கியது. 1944 அக்டோபரில் அது ரோந்துக் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் ஆனது. 1946-இல் இரண்டு முறை பெயர் மாறி, 1948 செப்டம்பர் 1 அன்றுதான் வி.பி.-26 ஆனது. அதற்கு முன் 26 என்ற எண்ணைச் சுமந்த வேறொரு ஸ்குவாட்ரன் 102 என்று பெயர் மாறி, பிலிப்பைன்ஸில் ஜப்பானியரின் தாக்குதலை எதிர்கொண்டது. அதற்கும் இதற்கும் உறவில்லை. பழைய வீரர்களின் நினைவுக் கட்டுரைகளில் இந்த இரண்டின் பெருமைகளும் கலந்துவிடுவது உண்டு. இதைத் தீர்க்க அமெரிக்கக் கடற்படை வரலாற்று மையம் 2000-இல் வெளியிட்ட ரோந்து ஸ்குவாட்ரன்களின் அகராதி பேருதவி செய்யும். அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்த அகராதி தரும் ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் சுருக்கத்தையும் நுழைவாயிலாக மட்டுமே கொள்ள வேண்டும். இரகசியப் பணிகளைப் பொறுத்தவரை அதில் ஓரிரு வரிகளே இருக்கும்.

ஆகவே என் குறிப்புகளை ஸ்குவாட்ரன் பெயரின்கீழ் அடுக்குவதை விட்டுவிட்டு, விமானத்தின் வரிசை எண்ணின்கீழ் அடுக்கத் தொடங்கினேன். பெயரும் தளமும் மாறினாலும், விமானத்துக்குத் தரப்பட்ட அந்த எண் விமானம் உடைக்கப்படும் வரை மாறாது. ஒரு விமானம் எந்த மாதத்தில் எந்தத் தளத்தில் இருந்தது, எப்போது மாற்றியமைக்கப்பட்டது, எப்போது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால், ஸ்குவாட்ரனின் அதிகாரபூர்வ வரலாறு விழுங்கிய இடைவெளிகள் தாமாகவே தெரியவரும்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மெர்க்கேட்டர் விமானம். மார்ட்டின் நிறுவனம் மாதிரிகளையும் சேர்த்து மொத்தம் 21 விமானங்களை மட்டுமே கட்டியது. இரண்டு பெரிய பிஸ்டன் இயந்திரங்களும், அவற்றின் கூடுகளுக்குள்ளேயே இரண்டு ஜெட் இயந்திரங்களும் கொண்ட விசித்திரமான அமைப்பு அதற்கு. ரோந்து விமானமாகப் பிறந்து, நெப்டியூன் விமானத்திடம் போட்டியில் தோற்று, பின்னர் மின்னணு வேவுக்கு மாற்றப்பட்டது. பிலிப்பைன்ஸின் சாங்லி பாயிண்டில் 1951-இல் ஒரு சிறப்புத் தேடல் திட்டமாகத் தொடங்கிய குழு, 1953-இல் ஒரு முன்னெச்சரிக்கை ஸ்குவாட்ரனின் கிளையாகி, 1955 ஜூன் 1 அன்று ஜப்பானின் இவாகுனியில் வி.க்யூ.-1 என்ற தனி ஸ்குவாட்ரனாக நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் லியோத்தேயில் வி.க்யூ.-2 உருவானது. அதாவது 1955-க்கு முந்தைய ஆண்டுகளில் இந்தப் பணியைத் தேடுபவர் வி.க்யூ. என்ற பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வேறு ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகளுக்குள் கிளையாகவோ திட்டமாகவோதான் அது இருக்கும். மொத்தமே 21 விமானங்கள் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொடர முடிந்தது; புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இப்படிக் குறைந்த எண்ணிக்கையில் கட்டப்பட்ட விமானத்தையே நான் பரிந்துரைப்பேன்.

1956 ஆகஸ்ட் 22 அன்று சீனக் கரைக்கு அப்பால் ஒரு மெர்க்கேட்டர் வீழ்த்தப்பட்டபோது அதில் 16 பேர் இருந்தார்கள். ரோந்துக்கென வடிவமைக்கப்பட்ட மெர்க்கேட்டரை ஓட்ட ஒன்பது பேர் போதும். மீதி ஏழு பேர் அங்கே என்ன செய்தார்கள் என்பதற்கு விடை தெரிந்துவிட்டால் பணி என்னவென்று தெரிந்துவிடும். எனவே எந்த விமான இழப்பைப் படித்தாலும் முதலில் இறந்தவர்களின் பட்டியலை எடுத்து, தலைகளை எண்ணி, ஒவ்வொருவரின் பணிப்பெயரையும் எழுதுகிறேன். விமானியும், இயந்திரப் பணியாளரும், வழிகாட்டுநரும் எல்லா விமானங்களிலும் உண்டு. தகவல்தொடர்புத் தொழில்நுட்பர் என்ற பணிப்பெயரோ, மொழியறிஞரோ அதிகமாக இருந்தால் அது சாதாரண ரோந்து அல்ல. 1969 ஏப்ரல் 15 அன்று வட கொரிய மிக் விமானங்கள் வீழ்த்திய வி.க்யூ.-1-இன் இ.சி.-121 விமானத்தில் 31 பேர் இறந்தார்கள்; அவர்களில் ஒன்பது பேர் சங்கேதப் பணியாளர்களும் ரஷ்ய, கொரிய மொழி அறிந்தவர்களும். 2001 ஏப்ரல் 1 அன்று சீனப் போர் விமானத்தோடு மோதி ஹைனான் தீவில் இறங்கிய இ.பி.-3 விமானத்தில் 24 பேர். பெயர்ப் பட்டியலை எந்த அரசாலும் வெகுகாலம் மறைக்க முடிவதில்லை. குடும்பங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஓய்வூதியம் தந்தாக வேண்டும், நினைவுக்கல்லில் பொறித்தாக வேண்டும்.

பெயர்ப் பட்டியலோடு வேலை செய்யும்போது ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பிரைவட்டீரின் பத்துப் பேரில் சிலர் உயிரோடு பிடிபட்டுச் சோவியத் முகாம்களில் இருந்ததாக, முகாம்களிலிருந்து திரும்பிய பிற நாட்டவர்கள் சொன்ன செய்திகள் 1950-களில் பரவின. 1992-இல் அமைக்கப்பட்ட அமெரிக்க-ரஷ்யக் கூட்டு ஆணையம் இத்தகைய செய்திகளையும் விசாரித்தது. உறுதியான முடிவு வராத இந்தப் பகுதியை ஒருவர் சுவைக்காக ஊதிப் பெருக்கினால், அதைப் படிக்கப் போகிறவர்களில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்ற மூன்றையும் எழுதாமல் அந்தச் செய்திகளை எடுத்தாளக்கூடாது என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன்.

ஒரு தரப்பின் ஆவணங்கள் மட்டும் போதாது என்பதை இரண்டாம் உலகப் போரின் பிஸ்கே விரிகுடா தெளிவாகக் காட்டும். பிரிட்டிஷ் ரோந்து விமானங்கள் ஒன்றரை மீட்டர் அலைநீள ரேடாரையும், இரவில் கடைசி நேரத்தில் எரியவிடும் லீ விளக்கையும் கொண்டு, 1942 கோடையில் மேற்பரப்பில் வந்த ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தாக்கத் தொடங்கின. ஜெர்மானியர் மெட்டாக்ஸ் என்ற ரிசீவரைப் பொருத்தினார்கள். ரேடார் அலை வந்ததும் அது எச்சரிக்கும், நீர்மூழ்கி முங்கிவிடும். 1943 மார்ச் வாக்கில் விமானங்களுக்கு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அலைநீள ரேடார் வந்தது. மெட்டாக்ஸுக்கு அது கேட்கவே கேட்காது. எச்சரிக்கை இல்லாமல் விமானங்கள் வந்து தாக்கியதற்குக் காரணம் தேடிய ஜெர்மானியர், மெட்டாக்ஸ் தானே வெளியிடும் மெல்லிய கதிர்வீச்சைப் பிடித்துத்தான் விமானங்கள் வருகின்றன என்று நம்பினார்கள். பிடிபட்ட ஒரு பிரிட்டிஷ் விமானப் பணியாளர் அப்படிச் சொன்னதும் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தியது. 1943 ஆகஸ்டை ஒட்டி மெட்டாக்ஸையே அணைத்து வைக்கும்படி உத்தரவு போனது. இத்தனைக்கும், அதே ஆண்டு பிப்ரவரியில் ராட்டர்டாமில் வீழ்ந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்திலிருந்து சென்டிமீட்டர் அலை ரேடார் ஒன்று அவர்கள் கைக்கே வந்திருந்தது. பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் பதிவேட்டை மட்டும் படித்தால் "தாக்கினோம், மூழ்கியது" என்ற வரிகளே இருக்கும். ஜெர்மன் தலைமையின் போர் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துத் தேதி வாரியாகப் படிக்கும்போதுதான், ஒரு தவறான ஊகம் எத்தனை மாதங்கள் ஒரு கடற்படையை ஆட்டிவைத்தது என்பது தெரிகிறது. கருவிகளின் பட்டியலாக எழுதப்படும் மின்னணுப் போர் வரலாறுகள் எனக்கு அலுப்பூட்டுவதற்கு இதுவே காரணம். எதிர்த்தரப்பு எதை நம்பியது என்பதும் அந்தப் போரின் பகுதிதான்.

இந்தத் தேடல் ஒரு கட்டத்தில் சென்னைக்கே வந்து சேர்ந்தது. செங்குன்றம் ஏரியிலிருந்து போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினா என்ற கடல் விமானங்களை இயக்கியது. வங்காள விரிகுடாவின் மேல் ரோந்து அதன் வேலை. அதன் பதிவேடுகள் லண்டனை அடுத்த கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் உள்ளன. 540 என்ற படிவம் மாதத்தின் நிகழ்வுகளைச் சுருக்கித் தரும். 541 என்ற படிவத்தில் ஒவ்வொரு பறத்தலுக்கும் விமானம், ஆட்கள், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் எல்லாம் இருக்கும். பலர் 540-ஐ மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பயன்பட்டது எப்போதும் 541-தான். மாதச் சுருக்கத்தை எழுதும் அதிகாரி எதை விடலாம் என்று யோசித்து எழுதுவார். பறத்தல் பட்டியலை நிரப்பும் எழுத்தருக்கு அந்த யோசனை குறைவு.

செங்குன்றத்திலும் பெயர்க் குழப்பம் உண்டு. 1944 மார்ச்சில் 357-ஆம் ஸ்குவாட்ரனின் ஒரு பகுதியைக் கொண்டு 628 என்ற ஸ்குவாட்ரன் அதே ஏரியில் உருவாகி, அந்த ஆண்டு அக்டோபரிலேயே கலைக்கப்பட்டது. சிறப்புப் பறத்தல்களைத் தேடுபவர் அந்தச் சில மாதங்களுக்கு 628-இன் கோப்பைத் தனியே பார்க்க வேண்டும். பின்னர் 1945 ஜூலையில் 240 கலைக்கப்பட்டு, 212 என்ற ஸ்குவாட்ரனுக்கு அதே எண் தரப்பட்டது. ஆகவே 1945 ஜூன் மாத 240-உம் ஆகஸ்ட் மாத 240-உம் வெவ்வேறு ஆட்கள்.

இந்தியக் கடற்படையின் ரோந்து வரலாற்றைத் தொடுபவர்கள் 1976 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதுவரை நெடுந்தூரக் கடல் ரோந்து விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. ஏர் இந்தியாவில் பயணிகளைச் சுமந்து ஓய்ந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களை விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன் இயக்கியது. 1976-இல் அவை கடற்படைக்கு மாற்றப்பட்டு, 312-ஆம் கடற்படை விமான ஸ்குவாட்ரன் உருவானது. எனவே அதற்கு முந்தைய கதையைக் கடற்படையின் காகிதங்களில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். அந்த ஸ்குவாட்ரனுக்கு 1988-இல் டி.யூ.-142 விமானங்கள் வந்தன; 1992-இல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தொடங்கப்பட்ட பின் அவை அங்கே குடிபெயர்ந்தன; 2013-இல் பி-8ஐ என்ற ரோந்து விமானம் வந்தது; 2017 மார்ச்சில் டி.யூ.-142 விடைபெற்றது.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற விமானப் பணியாளர் ஒருவரோடு பேசும் வாய்ப்பு கிடைத்தது. நான் கருவிகளைப் பற்றிக் கேட்க நினைப்பதை முகத்திலேயே படித்துவிட்டவர்போல, "தம்பி, கருவியைப் பற்றி மட்டும் கேக்காதீங்க, மத்தது எல்லாம் சொல்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நிபந்தனை நியாயமானது. அலுவல் இரகசியச் சட்டம் 1923 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைவிட, ஒருவர் கொடுத்த வாக்கை உடைக்கச் செய்து எழுதும் வரலாறு எனக்கு வேண்டாம். பதினான்கு, பதினைந்து மணி நேரப் பறத்தலில் எப்படித் தூங்கினார்கள், யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள், இரைச்சலில் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசினார்கள், திரும்பிய பிறகு எத்தனை காகிதங்களை நிரப்ப வேண்டியிருந்தது என்று கேட்டேன். எந்தக் கோப்பிலும் இல்லாத விவரங்கள் அப்படித்தான் வந்தன. நேர்காணலுக்குப் போகிறவர்கள், எழுதி முடித்த பகுதியை அவரிடம் படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை மறுபேச்சின்றி நீக்கிவிட வேண்டும். இப்போது பணியில் இருக்கும் விமானங்களையும் கருவிகளையும் பற்றி நான் குறிப்பெடுப்பதே இல்லை.

இந்தியக் கோப்புகளைப் பொறுத்தவரை, 2021-இல் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்த கொள்கையின்படி, பொதுவாக 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவேடுகளை நிபுணர்கள் மதிப்பிட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். அந்த நடைமுறை முழுமையாகும்வரை, காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் உள்ள போர்க்காலக் கோப்புகளிலிருந்து தொடங்கலாம். கோப்பு கேட்டு எழுதும்போது "மின்னணுப் போர்" என்று எழுதினால் தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது. 1940-களின் கோப்புத் தலைப்புகளில் ரேடார், வயர்லெஸ், எதிர்நடவடிக்கை போன்ற சொற்களே இருக்கும். தேதி, தளம், விமான எண் மூன்றையும் கொடுத்துக் கேட்டால் காப்பகப் பணியாளர்கள் நாம் எதிர்பாராத கோப்பைக்கூட எடுத்துத் தருவார்கள். செங்குன்றத்துக் கேட்டலினாக்களின் 541 படிவங்களில் வழக்கத்தைவிடக் கூடுதல் ஆட்களோடு போன பறத்தல்களைப் பிரித்தெடுத்து, அந்தத் தேதிகளை டெல்லியில் உள்ள கோப்புகளோடு பொருத்திப் பார்க்கும் வேலையில் இப்போது இருக்கிறேன்.